தீனி போட்டது போதும், வேலி வளர்ப்போம்

எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர்கள் சாளைத் திண்ணையில் மாட்டியிருக்கும் பறவைப் படங்களைப் பார்த்ததும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், இதுக்கெல்லாம் என்ன தீனி வெக்கறீங்க?"

"ஒண்ணும் வெக்கறதில்லீங்க" என்றால் நம்புவதில்லை. ஏதோ தொழில் ரகசியத்தை மறைக்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

ஒரு காலத்தில் தீனி வைத்தவன்தான் நான். தினமும் 2 கிலோ வைத்தேன். அதனால் என்ன நடந்தது, ஏன் நிறுத்தினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வரும் நண்பர்கள் பலர், குறிப்பாக என்னைப் போல் ஓய்வுக்குப் பிறகு மண்ணுக்குத் திரும்புகிறவர்கள், தோட்டத்தில் ஒரு மேடை கட்டி, தானியம் இறைத்து, வரும் பறவைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். "பல்லுயிர்ப் பண்ணை" என்று அடியில் எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். ஆகவே யாரையும் குறை சொல்லும் தகுதியில் நின்று இதை எழுதவில்லை.

கல் மேடையும் கேமராவும்

34 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு 2016ல் ஓய்வு பெற்றேன். காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் அப்பா விட்டுப்போன நாலு ஏக்கர் நிலம். அதில் ஒன்றரை ஏக்கர் தென்னையும் மாவும். ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் கடலை, காய்கறி. மீதி ஒன்றரை ஏக்கர் கொரங்காடு. பிற மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கொரங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. மழை குறைந்த சரளை நிலத்தில் கொழுக்கட்டைப் புல்லும் நடுநடுவே வெள்வேல மரமும் இருக்கும். சுற்றிலும் கிளுவை வேலி. காங்கயம் மாடுகள் மேய்ந்து வளர்ந்த இடம் அது. பார்க்கப் பொட்டல் மாதிரி தெரிந்தாலும் பறவைகளுக்கு அது ஒரு காடு.

ஓய்வூதியப் பணத்தில் முதலில் வாங்கியது சொட்டுநீர்க் குழாய். இரண்டாவது கேமராவும் 600 எம்.எம். லென்ஸும். "மாடு வாங்கற காசுல கண்ணாடி வாங்கியிருக்கீங்க" என்று வீட்டுக்காரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

கொரங்காட்டு ஓரத்தில் ஒரு பெரிய வெள்வேல மரத்தடியில் பழைய துவைக்கிற கல்லைப் போட்டு மேடை ஆக்கினேன். இருபது அடி தள்ளி நிழல்வலையில் ஒரு மறைவுக் குடில், உள்ளே ஒரு முக்காலி. காலை 6 மணிக்குக் கம்பு, சோளம், நொய்யரிசி கலந்து 2 கிலோ இறைப்பேன். குடிலுக்குள் போய் உட்கார்ந்தால் அரை மணியில் கூட்டம் கூடிவிடும். மணிப்புறா, மைனா, காக்கை, தவிட்டுக்குருவி, அணில். கொஞ்ச நாளில் மயில்.

மயில் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொரங்காட்டின் பொன்னிறப் புல்லில், சாய்ந்த வெயிலில், தோகை விரித்து நிற்கிற மயில்! சிவன்மலை முருகனே அனுப்பி வைத்ததாக எங்கள் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். படத்தைப் போட்ட அன்று வாட்ஸ்அப்பில் நூறு பேராவது கைகூப்பினார்கள். வங்கியில் இருந்த 34 வருடத்தில் எனக்கு அவ்வளவு பாராட்டு கிடைத்ததில்லை.

பொழிக்கு அந்தப்பக்கம்

முதலில் 2 மயில் வந்தது. மறு வருடம் 8. அதற்கடுத்த வருடம் ஒரு காலையில் எண்ணினேன், 19. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், உழைக்காமல் கிடைக்கிற சோறு என்றால் யார்தான் வர மாட்டார்கள்?

இரண்டு கிலோ தானியம் 19 மயிலுக்கு எத்தனை நேரம் காணும்? பதினைந்து நிமிடத்தில் கல் காலியாகிவிடும். அப்புறம் அவை பொழி தாண்டிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகும். அங்கே மார்கழிப் பட்டத்துக்கு விதைத்த கடலை முளைவிட்டுக்கொண்டிருக்கும். சால் பிடித்து வரிசையாகக் கிளறிக்கொண்டே போகும். விதைத்த ஆள் கூட அவ்வளவு நேர்த்தியாகப் போக முடியாது.

பக்கத்துத் தோட்டக்காரர் என்னைவிட எட்டு வயது இளையவர். ஒரு நாள் பொழியில் நின்று கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனேன். பதில் ஏதும் பேசாமல் கடலைக்காட்டைக் காட்டினார். முளைத்ததில் பாதி இல்லை.

"வெதக்கடலை என்ன வெலைன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க பேங்க்ல லோன் குடுத்தவங்க. தீனி வெக்கறத வேண்டாம்னு சொல்லலீங்ணா. வெதைப்பு முடியற வரைக்குமாச்சும் நிறுத்துங்க."

"நான் நிறுத்துனா அதுக பசியில உங்க காட்டுக்குத்தானப்பா வரும்? இங்க வயிறு நெறஞ்சா அங்க வராது" என்றேன்.

நான் அன்றைக்கு அதை உண்மையென்றே நம்பினேன். கணக்கு தலைகீழ் என்று புரிய ஒரு மாதம் ஆனது. அந்த 19 மயிலும் அங்கே வந்து சேர்ந்ததே என் தானியத்துக்காகத்தான்.

2019 மார்கழி கடைசியில் ஒரு காலை, குடிலுக்குப் போகிற வழியில் பொழி ஓரம் ஐந்து மயில்கள் செத்துக் கிடந்தன. நான்கு பெட்டை, ஒரு சேவல். விஷம் கலந்த தானியம். மயில் நம் தேசியப் பறவை; 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிறது. கொன்றால் சிறை. வனத்துறையினர் வந்தார்கள், உடல்களை எடுத்துப்போனார்கள். அவரிடமும் விசாரித்தார்கள், என்னிடமும் விசாரித்தார்கள். யார் வைத்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

அன்றைக்கு நான் தினமும் 2 கிலோ தானியம் போடுகிறவன் என்பதை விசாரிக்க வந்தவர்களிடம் சொல்லவில்லை. சந்தேகம் தன் மேல் இருந்தபோதும் அவரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் உறுத்துவது அதுதான்.

அடுத்த நாளிலிருந்து கல் காலியாகவே கிடக்கிறது.

காக்கைச் சோறும் இரண்டு கிலோவும்

"அப்படியானால் காக்கைக்குச் சோறு வைக்கக் கூடாதா? அரிசி மாவில் கோலம் போடக் கூடாதா? கதிர்க்கட்டு தொங்கவிடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். நம் முன்னோர் வைத்தது ஒரு கைப்பிடி. சமைத்ததில் முதல் பங்கு என்கிற மரியாதை அது. அந்தக் கைப்பிடியை நம்பி எந்தப் பறவையும் குடும்பம் நடத்தவில்லை. நான் வைத்தது படத்துக்கு. வராத பறவையை வரவழைக்க, வந்ததை அந்தக் கல்லிலேயே நிற்க வைக்க. இரண்டையும் ஒரே புண்ணியக் கணக்கில் எழுதக் கூடாது.

குளிர் நாடுகளில் தோட்டத்தில் தீனித்தட்டு தொங்கவிடுவது பெரிய வழக்கம். அங்கே பனிக்காலத்தில் மண் உறைந்து கிடக்கும், பகல் குறுகிவிடும். சின்னப் பறவை ஒரு இரவைத் தாண்டவே திண்டாடும். அதனால் அங்கே அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அங்கேயும் பாடம் கற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2005 முதல் பச்சைச் சிட்டு என்கிற பறவை ஒரு தொண்டை நோயால் கூட்டம் கூட்டமாகச் செத்தது. புறாக்களுக்கு வருகிற நோய் அது. எச்சில் பட்ட தீனியிலும் தண்ணீரிலும் பரவுகிறது. பல பறவைகள் ஒரே தட்டில் நெருக்கியடித்துத் தின்னும் இடங்களில் அது சுலபமாகத் தொற்றிக்கொண்டது. நம் ஊரில் பனி கிடையாது. நம் பறவைக்குக் கஷ்டகாலம் என்றால் அது பங்குனி, சித்திரை, வைகாசி. அப்போது அதற்கு வேண்டியது தண்ணீரும் நிழலும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 2023ல் "இந்தியப் பறவைகளின் நிலை" என்ற அறிக்கை வந்தது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் நாடு முழுவதும் பதிவு செய்த 3 கோடி குறிப்புகளை வைத்துப் பல ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து தயாரித்தது. 942 வகைப் பறவைகளை எடுத்துப் பார்த்ததில், நீண்டகாலப் போக்கைக் கணிக்கும் அளவுக்குத் தகவல் இருந்தவை 338 வகை. அதில் 204 வகை குறைந்திருக்கின்றன. 98 நிலையாக இருக்கின்றன. 36 மட்டும் பெருகியிருக்கின்றன.

பெருகியவற்றில் மயில் இருக்கிறது. மாடப்புறாவும் நன்றாகவே இருக்கிறது. குறைந்தவற்றில் நம் மின்கம்பியில் நீலச் சிறகோடு உட்கார்ந்திருக்குமே பனங்காடை, அது இருக்கிறது. பூச்சி தின்னும் பறவைகளும் திறந்த புல்வெளிகளை நம்பிய பறவைகளும் நிறைய அடிபட்டிருக்கின்றன.

இதை வங்கி மொழியில் சொல்கிறேன். என் கல் மேடை, ஏற்கெனவே வசதியாக இருக்கிறவனுக்கே மேலும் மேலும் கடன் கொடுத்த கிளை. தேவைப்பட்ட வாடிக்கையாளர் வாசல் வரைகூட வரவில்லை. வர முடியாது. பனங்காடை கம்பு தின்னாது. மாம்பழச்சிட்டு சோளம் தின்னாது. மரங்கொத்திக்கு நொய்யரிசி வேண்டாம். மூன்று வருடம் குடிலில் உட்கார்ந்து என் பேரேட்டில் ஏறியது மொத்தம் 11 வகை. அதுவும் பஸ் நிலையத்திலேயே பார்க்கக் கிடைக்கிற பறவைகள் பாதி.

ஆறுமணிக்குருவி

தீனியை நிறுத்திய பிறகு கேமராவைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். வெறுப்பு. வேலியும் மூடாக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளுவை வேலியில் விழுந்திருந்த இடைவெளிகளில் புதுப் போத்து நட்டேன். மாந்தோப்பில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தை நிறுத்தி, சருகு, தென்னை மட்டை, கடலைக்கொடி எல்லாவற்றையும் அப்படியே மரத்தடியில் பரப்பினேன். இது பறவைக்காகச் செய்ததில்லை. தண்ணீர்ப் பஞ்சத்துக்காகச் செய்தது. மாட்டுத் தாழி வழிந்து ஓடுகிற இடத்தில் ஒரு அகலமான மண்சட்டியை வைத்தேன், அவ்வளவுதான்.

2021 ஐப்பசியில் ஒரு சாயங்காலம். மழை விட்டிருந்தது. மாந்தோப்புக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். யாரோ பையன் ஒளிந்துகொண்டு கூப்பிடுகிற மாதிரி. கடிகாரத்தைப் பார்த்தேன், 6 மணிக்குப் பக்கம். வீட்டுக்காரம்மாதான் சொன்னார்: "எங்க அப்பன் ஊட்டுத் தோப்புல இது கத்துமே. ஆறுமணிக்குருவி."

மெல்ல நடந்து போனேன். மாமரத்தடிச் சருகில் ஒரு பறவை தத்தித் தத்திப் போனது. வால் இருக்கிறதா என்றே தெரியாத குட்டை உருவம். முதுகு பச்சை, தோளில் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. வடக்கே இதை நவரங் என்பார்கள், ஒன்பது நிறம். மத்திய இந்தியாவிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலம் கழிக்கத் தெற்கே வருகிற பறவை. சில இலங்கை வரைக்கும் போகும். அவ்வளவு தூரம் பறந்து வந்தது என் தோப்பில் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? அலகால் ஒவ்வொரு சருகாகப் புரட்டி, அடியில் இருந்த புழுவையும் பூச்சியையும் பொறுக்கிக்கொண்டிருந்தது.

மூன்று வருடம் கல்லில் தானியம் கொட்டி நான் கூப்பிட்டேன், வரவில்லை. கூப்பிடாமல், மண்ணுக்காகப் போட்ட மூடாக்கைத் தேடி வந்திருக்கிறது. நாம் "மண்ணுக்குப் போர்வை" என்று சொல்கிற அதே மூடாக்கு அதற்கு உணவுத்தட்டு. சருகைக் கொளுத்தியிருந்தால் அதற்கு அங்கே ஒரு வாய் சோறு கிடையாது.

மறுநாள் பீரோவைத் திறந்தேன். ஆனால் குடில் கட்டவில்லை. பம்ப்செட் அறைக்குள் உட்கார்ந்து ஜன்னல் கம்பி வழியாகப் பதினோரு நாள் காத்திருந்து ஒரு படம் எடுத்தேன். தோப்புக்குள் இருட்டு, கொஞ்சம் கலங்கலாகத்தான் வந்தது. திண்ணையில் முதலில் மாட்டியிருப்பது அதுதான்.

என்ன செய்யலாம்?

கருத்து மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உழவர்களுக்குப் பயன் இல்லை. என் அனுபவத்தில் வேலை செய்தவை இவை.

தண்ணீர்: அகலமான மண்சட்டி, ஆழம் இரண்டு விரற்கடைக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒரு சொரசொரப்பான கல். சின்னக் குருவி நின்று குளிக்க வேண்டும், முங்கிச் சாகக் கூடாது. நிழலில் வையுங்கள். பக்கத்தில் ஒரு செடி இருந்தால் பறவை தைரியமாக வரும். ஆனால் சட்டியை ஒட்டியே புதர் இருந்தால் பூனை பதுங்கும். ஏழெட்டு அடி இடைவெளி சரி. தினமும் தண்ணீர் மாற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். கழுவ நேரமில்லை என்றால் வைக்கவே வேண்டாம்.

வேலி: கம்பிவேலி போட்டாலும் அதை ஒட்டி உயிர்வேலி வையுங்கள். எங்கள் பக்கம் கிளுவை. உங்கள் மண்ணுக்கு எது வருமோ அது. அதில் கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறினால் பிடுங்காதீர்கள். நடுநடுவே இலந்தை, களா, சூரைமுள். கோவைப்பழத்துக்குச் சின்னான் வரும், குக்குறுவான் வரும். ஒரு மூலையில் ஓர் அத்தியோ ஆலோ வைத்தால் உங்கள் பேரன் காலத்துக்கும் தீனி தீராது. வேப்பம்பழம் தின்கிற பறவை நமக்குத் திருப்பிக் கொடுப்பது வேப்பங்கன்று. என் வேலியில் இப்போது நான் நடாத சந்தனம் இரண்டு நிற்கிறது.

மொட்டைப்பனை: பட்டுப்போன பனையை விறகுக்கு வெட்டாதீர்கள். பனங்காடை, புள்ளி ஆந்தை, கிளி, மைனா எல்லாம் கூடு வைப்பது அந்தப் பொந்தில்தான். ஆந்தை ஒரு குடும்பம் இருந்தால் எலிக்கு வேறு மருந்து தேட வேண்டாம். எலிக்கு விஷம் வைத்தால், அந்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

குச்சி: கடலை, பயறு, காய்கறியில் புழு விழுகிற பருவத்தில் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், குறுக்குக் கட்டை வைத்த குச்சிகளை நடுங்கள். கரிச்சான் அதில் உட்கார்ந்து பூச்சியைப் பிடிக்கும். வேளாண் துறையும் இதைச் சொல்கிறது. தானியப் பயிரில் மணி பிடிக்கும்போது குச்சியைப் பிடுங்கிவிடுங்கள். அப்போது வருகிறவர்கள் வேறு ஆட்கள்.

மூடாக்கு: இந்த இதழ் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐப்பசி முதல் பங்குனி வரை தோப்புச் சருகைக் கலைக்காதீர்கள்.

இப்படி விட்டதில், 2021லிருந்து போன பொங்கல் வரை என் பேரேட்டில் ஏறியது 58 வகை. வால்காக்கை, மாங்குயில், கொண்டலாத்தி, அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் அதில் சேர்த்தி. தீனிச் செலவு பூஜ்யம். பொங்கல் சமயத்தில் நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015லிருந்து நடத்துகிறார்கள். 15 நிமிடம் நின்று பார்த்துப் பதிவு செய்தால் போதும். உழவர் தோட்டத்திலிருந்து போகிற பதிவுகள் இன்னும் அதிகமாக வேண்டும்.

படம் எடுப்பவர்களுக்கு

இப்போது சில நண்பர்கள் பண்ணைச் சுற்றுலா என்ற பெயரில் மறைவுக் குடில் கட்டி, கேமராக்காரர்களிடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்க யோசிக்கிறார்கள். உழவனுக்கு இன்னொரு வருமானம் வருவதை நான் தடுக்கப் போவதில்லை. கடன் தவணை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தண்ணீரை வைத்துச் செய்யுங்கள், தானியத்தையும் புழுவையும் வைத்துச் செய்யாதீர்கள். போனில் பறவைக் குரலைப் போட்டு இழுக்காதீர்கள். தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று அது வேலையை விட்டுவிட்டு அலையும். கூட்டுப் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம். நாம் விலக்கிய ஒரு கிளை வழியாகக் காக்கை குஞ்சைப் பார்த்துவிடும்.

சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பறவையின் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்காருங்கள். பழகிய சட்டை, பழகிய இடம், பழகிய நேரம். பத்து நாளில் உங்களை ஒரு மரமாக எடுத்துக்கொள்ளும். காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன், தானே பாகங்களைச் சேர்த்துக் கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் இன்றைக்கும் பேசப்படுகின்றன. பொறுமைக்கு 600 எம்.எம். லென்ஸ் தேவையில்லை.

பயிரைத் தின்னாதா?

தின்னும். பறவை எல்லாம் உழவனின் நண்பன் என்று மேடையில் பேசுவது சுலபம். கிளி சோளக்கதிரை உடைக்கும். சின்னான் தக்காளியைக் குத்தும். மயில் செய்வதை மேலே சொன்னேன். வேலி வளர்த்தால் இவையும் வரத்தான் வரும். ஆனால் பல இடத்தில், பல பருவத்தில், பல வகைப் பறவைக்குத் தீனி பரவிக் கிடந்தால் எந்த ஒன்றும் படையாகத் திரளாது. ஒரே கல்லில் ஒரே தானியம் கொட்டினால் ஒரே வகைதான் திரளும். நாம் ஒற்றைப் பயிர் வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்துக்குத்தானே?

என் தவறு முழுசாகத் திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். 19 மயில் வந்த இடத்தில் இன்றும் ஆறேழு வருகின்றன. இங்கேயே பொரித்த குஞ்சுகள். அவற்றுக்கு இதுதான் ஊர். அவற்றின் பசி பக்கத்துக் காட்டில்தான் இறங்குகிறது.

அதனால் ஒவ்வொரு மார்கழியிலும் அவர் கடலை விதைத்த நாளிலிருந்து பன்னிரண்டு நாள், விடியற்காலை 6 மணிக்கு நான் அவர் காட்டில் காவல் இருக்கிறேன். கையில் ஒரு தகர டின், ஒரு குச்சி. முதல் வருடம் "எதுக்குங்ணா உங்களுக்கு இந்த வேல?" என்றார். "பழைய பாக்கி" என்றேன். அப்புறம் கேட்கவில்லை. இப்போது 7 மணிக்கு அவர் வீட்டிலிருந்து காப்பி வருகிறது. டின்னைத் தட்டினால் மயில்கள் பொழி தாண்டி என் கொரங்காட்டுக்குப் போய்விடுகின்றன. அங்கே புல் விதையும் கரையானும் உண்டு. பொறுக்கித் தின்னட்டும்.

போன மார்கழியில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது என் தோப்பிலிருந்து அந்த விசில் கேட்டது. காப்பி கொண்டுவந்தவர் நின்று கேட்டார்.

"இது என்ன குருவிங்ணா?"

சொன்னேன்.

"எங்க காட்டுக்கு வராதா?"

"சருகக் கொளுத்தாம விட்டுப் பாருப்பா."

இந்த வருடம் அவர் தென்னந்தோப்பில் இன்னும் புகை எழவில்லை. ஐப்பசி வரட்டும், பார்க்கலாம்.